வெய்யிலை அளத்தல்

தாம்பரத்தைச் சூழ்ந்த அகரம்தென், வேங்கைவாசல், முடிச்சூர் முதலிய ஊர்களில் மண்வேலையும் கட்டட வேலையும் செய்வோர், "இன்று வெய்யில் எத்தனை?" என்று வினவினால், மீனம்பாக்கம் வானிலை நிலையத்தின் எண்ணையே நாம் கூறுகிறோம். அவ்வெண் பிழையன்று; ஆயினும் அது நிழலின் உஷ்ணமேயாகும். காற்றோட்டமுள்ள வெண்ணிறப் பெட்டியினுள் வைத்த உஷ்ணமானி காட்டுவது அது. மண்வெட்டி பிடித்தவரோ பெட்டியினுள் நிற்பவரல்லர்.

மனித தேகம் தாங்கும் வெய்யிலை அளக்க மூன்று உஷ்ணமானிகள் வேண்டும். ஒன்று சாதாரணமானது. இரண்டாவதன் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். வியர்வை உலர்ந்து உடல் குளிரும் அளவை அது உணர்த்தும். மூன்றாவது, கருமை பூசிய செப்புக் கோளத்தினுள் அமைந்து சூரியக் கதிரை ஏற்பது. ஈரக்குமிழ் அளவில் பத்தில் ஏழு பங்கும், கோளத்தின் அளவில் பத்தில் இரண்டும், சாதாரண அளவில் பத்தில் ஒன்றும் எடுத்துக் கூட்டுதல் வேண்டும். அவை முறையே 28, 48, 36 பாகை எனில், கூட்டி வருவது 32.8. வெய்யிலுக்குப் பழகிய தேகத்திற்குங்கூட, நடுத்தர உழைப்பில் சர்வதேசத் தரம் வகுத்த எல்லை 28 பாகையே.

ஈரத்திற்கு ஏன் இத்தனை பங்கு? நம் பகுதி கடலுக்கு அண்மையது. காற்றில் நீராவி மிகுந்தால் வியர்வை வழியுமேயன்றி உலராது. உலராத வியர்வையால் உடல் குளிராது. கடற்காற்று பிந்தும் நாட்களிலோ உஷ்ணமே ஏறிவிடும். 2003 மே மாதத்தில் நுங்கம்பாக்கத்தில் 45 பாகை பதிவாயிற்று.

கருவியில்லாத ஊரில் நிழலே அளவுகோல். ஒருவருடைய நிழல் அவர் உயரத்தினும் குறுகியிருக்கும் வேளை, புற ஊதாக் கதிர் கடுமையான வேளை. ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் சூரியன் நண்பகலில் நம் உச்சிக்கு நேரே வருகிறான். கத்திரிக்கு மட்டும் அஞ்சுவோர் ஆகஸ்டை எண்ணுவதில்லை!

போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் 2017 முதல் தமிழகத்தில் ஏறத்தாழ 800 கர்ப்பிணிகளை ஆராய்ந்தனர். மிகு உஷ்ணத்தில் உழைத்தோர்க்குக் கருச்சிதைவும் குழந்தை இறந்து பிறத்தலும் நேரும் அபாயம் ஏறத்தாழ இரு மடங்கெனக் கண்டனர். மறைவிடம் இன்மையால் பணித்தளத்துப் பெண்கள் பலர் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கின்றனர். ஆதலின் கழிப்பிடமும் வெய்யில் தடுப்புச் சாதனமே என்பது நம் துணிபு.

2024 அக்டோபரில் மாநில அரசு வெப்ப அலையைப் பேரிடராக அறிவித்து, உயிரிழந்தோர் குடும்பத்திற்கு 4 இலட்சம் ரூபாய் நிவாரணம் வகுத்தது. உயிர் காத்தல் அதனினும் எளிது. தேக உஷ்ணம் 40 பாகை கடந்து, பேச்சுக் குழறி, புத்தி தடுமாறினால், அவரை நிழலில் கிடத்தி, 108ஐ அழைத்து, வண்டி வரும்வரை உடலெங்கும் நீரூற்றி விசிறுக. நினைவற்றவர் வாயில் நீரோ மோரோ ஊற்றலாகாது.