முன்பாரம் கூடிய மலை ஜீப்

மலையூர்களுக்குச் சரக்கு அனுப்புவோர், சேற்றில் சிக்கினால் மீட்டுக்கொள்ள ஜீப்பின் முன்னால் வின்ச் பொருத்துவதுண்டு. அதனால் முன்பக்கம் தாழ்ந்து, ஸ்டியரிங் கனத்துவிடும்.

வெள்ளிக்கோல் அறிந்த வணிகருக்கு இதன் கணக்கு எளிது. இரு அச்சுகளுக்கும் இடைவெளி இரண்டரை மீட்டர் என்போம். முன் அச்சுக்கு அரை மீட்டர் முன்னே 60 கிலோ தொங்கினால், முன் அச்சில் ஏறுவது 72 கிலோ! பின் அச்சில் 12 கிலோ குறையும்.

கவனிக்க வேண்டியவை:

1. வின்ச் மாட்டுமுன்பும் பின்பும் முன்சக்கரங்களை மட்டும் எடைமேடையில் ஏற்றி எடை பாருங்கள்.

2. கூடிய எடைக்கு ஏற்ற வலுவான ஸ்பிரிங் போடுங்கள். கட்டை வைத்து உயர்த்தினால் வண்டி நிமிரும். தாங்கும் வலு கூடாது.

3. ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்குக்குப் பொருந்த வேண்டும். இல்லையேல் வண்டி துள்ளி, வளைவில் டயர் பிடிப்பு குறையும்.

4. பிறகு வீல் அலைன்மென்ட், முகப்பு விளக்கின் ஒளிமட்டம் இரண்டையும் சரிசெய்யுங்கள்.

இரும்புக் காப்புக்கம்பி மட்டும் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவைக் காட்டி, அதன்மீது நடவடிக்கை எடுக்குமாறு 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது.

ஸ்பிரிங் மாற்றினாலும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடை வரம்பு உயராது. வின்ச் 60 கிலோ என்றால், சரக்கில் 60 கிலோ குறைத்தே ஏற்றுங்கள். இறக்கத்தில் பிரேக் காப்பது ஓட்டுநரின் உயிரை.