பழைய நீர்ப் பம்பியை வாங்குமுன்

வெங்காயச் செய்கைக்கெனப் பழைய நீர்ப் பம்பி வாங்கும் யாழ்ப்பாணக் கமக்காரர், புதுப் பூச்சைக் கண்டு விலை பேசலாகாது. இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே பார்வையிடுதல் வேண்டும். விற்பவர் முன்னரே ஓட்டிச் சூடாக்கி வைத்திருப்பின் மறுநாள் வருவதே நன்று. சூடான இயந்திரம் இலகுவில் இயங்கித் தன் குறையை மறைக்கும்.

கயிற்றை மெதுவாக இழுக்கையில் ஓரிடத்தில் உறுதியான தடை தோன்றல் வேண்டும். தடையின்றி வருமாயின் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கலாம். வடித்த எண்ணெயில் உலோகத் துகள் மினுங்கினால் அதனை விட்டுவிடுதல் நலம்.

பின்னர் தம் கிணற்றிலேயே பூட்டி அரைமணி நேரமேனும் இறைத்துப் பார்க்க. நீலப் புகை ஓயாது வந்தால் உள்ளே எண்ணெய் எரிகின்றது. பம்பி இயந்திரத்தோடு சேருமிடத்தில் நீர் சொட்டுவது சிறு பழுதே. விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

திருத்துநரின் கூலியை வீண்செலவென்போர் உளர். பயிர் நடுவில் இயந்திரம் நின்றால் வாடுவது முழுத் தோட்டமுமாம். விற்பவருக்கு வேண்டியவரல்லாத திருத்துநரையே அழைத்துச் செல்க.