முதலில் திரை சிவக்கட்டும்

கேள்வி: பழைய நின்டென்டோ என்.இ.எஸ். கருவிக்கு நானே புரோகிராம் எழுத ஆசை. எங்கே தொடங்குவது?

பதில்: நல்ல ஆசை! ஆனால் முதலிலேயே கேம் வேண்டாம். திரை முழுக்கச் சிவப்பானால் போதும்.

1983இல் ஜப்பானில் ஃபேமிகாம் என்ற பெயரில் வந்த கருவி இது. 6502 வகை பிராசஸர், வெறும் 2 கிலோபைட் நினைவகம். படம் காட்டுவது பிபியு என்ற தனிச் சிப். மின்சாரம் வந்தவுடன் அது தயாராகிவிடாது. ஆகவே 2002 என்ற ஹெக்ஸ் முகவரியைப் படித்துப் படித்து, திரை இரண்டு முறை வரைந்து முடியும்வரை காத்திருக்க வேண்டும். பொறுமையாகச் செய்ய வேண்டிய இடம் இதுதான்.

பிறகு 2006 வழியாக முதல் நிறத்தின் இடத்தைச் சுட்டி, 2007இல் ஹெக்ஸ் 16 எழுதுங்கள், அதுதான் சிவப்பு. படத்தரவு முழுவதையும் பூஜ்யமாக விட்டு, 2001இல் பின்னணியை இயக்குங்கள். கடைசியில் முடிவற்ற லூப் கட்டாயம். அது இல்லையென்றால் பிராசஸர் அடுத்து இருக்கும் எதையாவது கட்டளையாக எடுத்துக்கொண்டு ஓடும்.

இதை எழுத உதவும் சிசி65 தொகுப்பின் அசெம்ப்ளரும், ஓட்டிப் பார்க்க உதவும் மெசன் எமுலேட்டரும் இலவசம். மெசனில் ஒவ்வொரு கட்டளையாக நிறுத்திப் பார்க்கலாம். அதற்காகவே அதைச் சிபாரிசு செய்கிறேன். சி மொழியிலும் எழுதலாம்தான். ஆனாலும் இந்த முதல் புரோகிராமை அசெம்ப்ளியிலேயே எழுதுங்கள்.