ஓரெழுத்துப் பிழை

பழைய ஏட்டுச் சுவடிகளைப் படித்துப் பழகியோர் ஓர் உண்மையை நன்கு அறிவர். ஏட்டைப் பார்த்து எழுதுவோன் கைதவறி ஓரெழுத்தை மாற்றிவிடுவானாயின் பொருள் முழுதும் மாறிவிடும். ‘மழை’ என்பது ‘மலை’ ஆகும்; ‘களை’ என்பது ‘கலை’ ஆகும். ஆதலால், பதிப்பாசிரியர் ஒரு சுவடியை மற்றொரு சுவடியோடு ஒப்பிட்டுப் பிழையைக் கண்டு திருத்துவர். உ. வே. சாமிநாதையர் இவ்வாறு அயராது உழைத்தமையால் அன்றோ நம் பழைய நூல்கள் பல நமக்குக் கிடைத்தன? நம் உடலும் ஒருவகைச் சுவடியைப் படித்தே இயங்குகின்றது. அச்சுவடியிலும் பிழை நேர்வதுண்டு. அத்தகைய பிழையால் குழந்தைகட்கு வரும் நரம்பு நோய் ஒன்றையும், அறிஞர் அதற்கு மாற்றுக் கண்ட வரலாற்றையும் இப்பாடத்தில் காண்போம்.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன், யான் இளம் ஆசிரியனாய்ப் பவானியாற்றங்கரையில் உள்ள ஓர் ஊரில் பணியாற்றினேன். என் வீட்டிற்கு அடுத்த வீடு நெசவாளர் ஒருவருடையது. அவருக்கு ஆண் குழந்தை ஒன்று பிறந்தது. முதலிரண்டு திங்கள் குழந்தை நலமாகவே இருந்தது. பின்னர்க் கால்களை உதைத்து விளையாடுதல் நின்றது, கழுத்து நிற்கவில்லை, பால் குடிப்பதற்கே குழந்தை இளைத்தது. ஆயினும், அதன் கண்களின் ஒளி மட்டும் குன்றவில்லை. தறியின் அருகே கிடத்தினால், இங்கும் அங்கும் ஓடும் நாடாவை விடாது நோக்கும்; தாயின் முகம் கண்டால் சிரிக்கும். ஓராண்டு நிறைவதற்குள் அக்குழந்தை மூச்சுவிட இயலாமல் மறைந்தது.

ஊரார் பலவாறு பேசினர். ‘முன்வினைப் பயன்’ என்றனர் சிலர். ‘சூல் கொண்ட பெண் கிரகணத்தன்று வெளியே வந்தாள், அதனால் வந்த கேடு இது’ என்றனர் வேறு சிலர். அத்தாய் ஒருநாள் என்னிடம், “வாத்தியாரய்யா, நான் என்ன தப்புங்க பண்ணினேன்?” என்று கேட்டாள். யான் நூல்கள் பல கற்றவன். எனினும், விடை அறியாது வாளா இருந்தேன். அக்குழந்தையிடம் கண்ட குறிகளை இன்று எண்ணிப் பார்க்குங்கால், அது இப்பாடத்திற் கூறப்படும் நோயாகவே இருந்திருத்தல் வேண்டும் என்று தோன்றுகின்றது. அந்நோய்க்குத் தண்டுவடத் தசைநார்ச் சிதைவு என்று பெயர். எஸ்.எம்.ஏ. என்றும் அதனைச் சுருக்கமாகக் கூறுவர்.

நாம் கையை உயர்த்த எண்ணினால், அவ்வேவல் மூளையிலிருந்து தண்டுவடத்திற்கு வருகின்றது. அங்குள்ள இயக்க நரம்பணுக்கள் அதனைப் பெற்றுத் தசைகளுக்கு அனுப்புகின்றன. இந்நோயில் அந்நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக மடிகின்றன. பவானிசாகர் அணையில் நீர் நிறைந்திருப்பினும், வாய்க்காலின் மடை தூர்ந்துபோனால் வயலிலுள்ள பயிர் வாடுமன்றோ? அதுபோல, மூளை குறைவின்றி இருப்பினும் ஏவல் வந்து சேராமையால் தசைகள் மெலிகின்றன. குழந்தையின் அறிவு மழுங்குவதில்லை. அந்நெசவாளர் வீட்டுக் குழந்தையின் கண்கள் ஒளியோடு இருந்தமைக்குக் காரணம் இதுவே.

இந்நோய் எல்லாரிடத்தும் ஒரே வகையாகத் தோன்றுவதில்லை. பிறந்து ஆறு திங்களுக்குள் தோன்றுவது மிகக் கொடியது. மருத்துவம் இல்லையாயின், அக்குழந்தைகளுள் பெரும்பாலோர் இரண்டு வயதைக் கடப்பதில்லை. சற்றுப் பின்னர்த் தோன்றின், குழந்தை உட்காரும்; ஆனால் தானே நடவாது. ஒன்றரை வயதுக்குப் பின் தோன்றின், நடந்து திரிந்த சிறுவன் பள்ளிப் பருவத்திலோ இளமைப் பருவத்திலோ படியேற மாட்டாமல் தளர்வான். பிறக்கும் குழந்தைகளுள் ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு என்பர்.

இதன் காரணம் யாது? உடலின் உயிரணுக்களில் மரபணுத் தொகுதி என்னும் சுவடி உள்ளது. அதில் ஒவ்வோர் ஏட்டுக்கும் இரு படிகள் உண்டு. ஒன்று தந்தை வழி வந்தது. மற்றொன்று தாய் வழி வந்தது. எஸ்.எம்.என். 1 என்னும் மரபணு, இயக்க நரம்பணு வாழ்வதற்கு வேண்டிய புரதம் ஒன்றை ஆக்கும் முறையைக் கூறும் ஏடாகும். இரு படிகளுள் ஒன்று கெட்டாலும் மற்றொன்று பணி செய்யும். ஆதலால், அவ்வாறு ஒரு படி கெட்டவர் நோயின்றியே வாழ்வர். தம்மிடம் அக்குறை இருத்தலையும் அறியார். அத்தகையோர் இருவர் கணவன் மனைவி ஆயின், ஒவ்வொரு மகப்பேற்றிலும் இருபடியும் கெட்ட குழந்தை பிறக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. மாமன் மகளையும் அத்தை மகளையும் அக்காள் மகளையும் மணத்தல் நம் நாட்டில் நெடுநாளைய வழக்கம். ஒரே குடிவழியில் வந்த இருவரிடமும் ஒரே குறை இருத்தற்கு வாய்ப்பு மிகுதி. எனவே, இத்தகைய நோய் கண்ட குடும்பத்தார் மருத்துவரைக் கலந்தே மணம் பேசுதல் நலம்.

இந்நோயை 1891ஆம் ஆண்டில் ஆஸ்திரிய நாட்டு மருத்துவர் வெர்ட்னிக் என்பாரும், 1893ஆம் ஆண்டில் செருமானிய நாட்டு மருத்துவர் ஹாஃப்மன் என்பாரும் விளக்கி எழுதினர். அதற்குப் பின் நூறாண்டுகள் சென்றும் மருந்து கிட்டவில்லை. 1995ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் ஜூடித் மெல்கி என்னும் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் கெட்டுப்போன ஏடு எதுவென்று கண்டறிந்தனர். அதனினும் வியப்பான செய்தி ஒன்றும் வெளிப்பட்டது. எஸ்.எம்.என். 2 என்னும் மற்றோர் ஏடும் நம்மிடம் உண்டு. அது முதலேட்டைப் பெரிதும் ஒத்தது. அவ்வாறிருந்தும் அஃது ஏன் பயன்படவில்லை? அதில் ஓரெழுத்து மாறியுள்ளது என்பதை 1999ஆம் ஆண்டில் அறிஞர் தெளிந்தனர். அவ்வோரெழுத்தால் உயிரணு ஏழாம் பகுதியை விட்டுவிட்டுப் படிக்கின்றது. ஆகவே, நிறைவான புரதம் சிறிதளவே உண்டாகின்றது.

ஓரெழுத்துப் பிழையைத் திருத்தவியலாதெனினும், விட்ட பகுதியை விடாது படிக்கச் செய்யலாமன்றோ? இந்த எண்ணமே மருந்தாயிற்று. எவ்விடத்தில் தடை உள்ளது என்பதை 2006ஆம் ஆண்டில் ரவீந்திர சிங் என்பாரும் அவர்தம் குழுவினரும் கண்டனர். அமெரிக்க நாட்டில் ஏட்ரியன் கிரைனர் முதலியோர் அத்தடையை மறைக்கும் சிறு மருந்திழை ஒன்றை ஆக்கினர். நூசினெர்சன் என்னும் அம்மருந்து 2016ஆம் ஆண்டு திசம்பரில் அந்நாட்டில் ஒப்புதல் பெற்றது. அதனை முதுகின்வழி ஊசியால் செலுத்துவர். 2019ஆம் ஆண்டில் நல்ல மரபணுவையே தீங்கற்ற நச்சுயிரியின் கூட்டில் ஏற்றி, ஒரே முறை குருதியிற் செலுத்தும் மருத்துவம் வந்தது. 2020ஆம் ஆண்டில் நாள்தோறும் வாயால் உட்கொள்ளும் ரிஸ்டிப்லாம் என்னும் மருந்தும் வந்தது.

ஆயினும், மாணவர்களே, ஒன்றை நன்கு நினைவிற் கொள்ளுங்கள். மடிந்த நரம்பணுவை எம்மருந்தும் மீட்டுத் தாராது. இருப்பதைக் காக்கவே மருந்து உதவும். எனவே, காலமே இங்குத் தலையாய மருந்து. நோய்க்குறி தோன்றுமுன்பே, பிறந்து ஆறு வாரத்திற்குள் 25 குழந்தைகட்கு நூசினெர்சன் அளித்து ஆராய்ந்தனர். 2019ஆம் ஆண்டில் அதன் பயன் வெளியிடப்பட்டது. அக்குழந்தைகள் அனைவரும் உயிரோடிருந்தனர். அனைவரும் தாமே உட்கார்ந்தனர். 22 பேர் பிறர் துணையின்றி நடந்தனர். பிறந்த குழந்தையின் குதிகாலிலிருந்து ஒருதுளிக் குருதியைத் தாளில் ஏற்றுச் சோதித்தால் இந்நோயை அறிந்துவிடலாம். பல நாடுகளில் இச்சோதனை வழக்கமாகியுள்ளது. நம் நாட்டில் எல்லா மகப்பேற்று மருத்துவமனைகளிலும் அது வழக்கமாகவில்லை.

காலம் ஒரு தடை. பொருள் மற்றொரு தடை. ஒரே முறை செலுத்தும் மருந்தின் விலை ஏறத்தாழ 16 கோடி ரூபாய். 2021ஆம் ஆண்டில் நம் கொங்கு நாட்டிலேயே இதனைக் கண்கூடாகக் கண்டோம். நாமக்கல் மாவட்டத்துக் குழந்தை ஒன்றிற்காக, முகமறியாத மக்கள் பலர் தத்தமக்கு இயன்ற பொருளை அளித்தனர். நடுவண் அரசு இறக்குமதி வரியை நீக்கியது. குழந்தை மருந்து பெற்றது. அதே ஆண்டில் கோவைக் குழந்தை ஒன்றிற்கு, மருந்து நிறுவனத்தின் குலுக்கல் முறையால் அம்மருந்து விலையின்றிக் கிடைத்தது. இவ்விரண்டும் மகிழத்தக்கனவே. ஆயினும், குலுக்கலில் பெயர் வாராத குழந்தையின் நிலை யாது? ஒரு குழந்தையின் உயிர் சீட்டைச் சார்ந்திருத்தல் முறையாகுமோ?

இக்கேள்விக்கு விடை காணும் முயற்சியும் நடைபெறுகின்றது. நடுவண் அரசு 2021ஆம் ஆண்டில் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையை வெளியிட்டது. 2022ஆம் ஆண்டில் ஒரு நோயாளிக்குரிய உதவியின் உச்ச அளவை 50 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. ரிஸ்டிப்லாம் குப்பி ஒன்று நம் நாட்டில் ஏறத்தாழ ஆறு லட்சம் ரூபாய்க்கு விற்றது. காப்புரிமை வழக்கொன்று உச்ச நீதிமன்றம் வரை சென்று 2025ஆம் ஆண்டு அக்டோபரில் முடிந்தபின், ஐதராபாத்து நிறுவனம் ஒன்று அதே மருந்தைக் குப்பி 15,900 ரூபாய்க்கு விற்க முன்வந்தது. இம்மருந்தை இடையறாது உட்கொள்ள வேண்டுமாதலின், ஏழைக்கு அதுவும் பெருந்தொகையே. ஆயினும், அடைபட்ட கதவு சிறிது திறந்தது எனலாம்.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்று ஓர் அதிகாரமே வகுத்தவர். நோயின் மூலத்தை ஆராய்தலை அவர் அதில் வற்புறுத்தினார். மூலத்தை அறியாதவிடத்துப் பழிச்சொல் பிறக்கின்றது. அறிந்தவிடத்து மருந்து பிறக்கின்றது. உங்கள் வீட்டிலோ அயலிலோ ஒரு குழந்தைக்குக் கழுத்து நிற்காமலும் கைகால் தளர்ந்தும் இருப்பின், ‘போகப்போகச் சரியாகும்’ என்று காலந்தாழ்த்தாமல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். குறையுள்ள குழந்தையைப் பெற்றவளை எவரேனும் பழிப்பாராயின், அவருக்கு உண்மையை எடுத்துரையுங்கள்.

அந்நெசவாளர் மனைவி இன்று எங்குள்ளாள் என்பதை அறியேன். காண்பேனாயின், அன்று கூறாத விடையைக் கூறுவேன்: “அம்மா, நீ எத்தவறும் செய்திலை. ஏடு ஒன்று கெட்டது; ஏட்டைத் துணைசெய்ய வந்த மற்றோர் ஏட்டில் ஓரெழுத்துப் பிழை இருந்தது. அவ்வளவே.”

பயிற்சி

1. இயக்க நரம்பணுக்கள் செய்யும் பணியை ஆசிரியர் எவ்வுவமையால் விளக்குகின்றார்?
2. நோயில்லாத பெற்றோர்க்கு இந்நோயுடைய குழந்தை பிறத்தல் எவ்வாறு?
3. ‘காலமே தலையாய மருந்து’ என்பதை 25 குழந்தைகளின் ஆராய்ச்சி கொண்டு நிறுவுக.
4. குலுக்கல் முறையால் மருந்து கிடைப்பது பற்றி நும் கருத்தை ஒரு பத்தியில் எழுதுக.