சோம்பேறி இல்லை... வளர்கிறான்!

"டாக்டர், போன வருஷம் ஸ்கூல் ஓட்டப் பந்தயத்துல இவன்தான் ஃபர்ஸ்ட். இப்ப நாலாவதா வர்றான். கேட்டா முட்டி வலிங்கறான். எல்லாம் சோம்பேறித்தனம்!"

பதின்மூன்று வயது மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அப்பா பொரிந்து தள்ளினார். பையன் நிமிரவே இல்லை.

"இந்த வருஷம் எத்தனை தடவை பேன்ட் வாங்கினீங்க?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"ரெண்டு தடவை சார். எல்லாம் குட்டையாகிடுது!"

அதில்தான் பதில் இருந்தது.

பெண் குழந்தைகள் பெரும்பாலும் 11, 12 வயதிலும் ஆண் குழந்தைகள் 13, 14 வயதிலும் மளமளவென்று உயர்கிறார்கள். ஒரே வருடத்தில் எட்டு, ஒன்பது சென்டிமீட்டர்கூட வளரலாம். எலும்பு முதலில் நீள்கிறது. தசைகள் சற்றுப் பின்தங்கியே வருகின்றன. அதனால் பழகிய ஓட்டமும் தாண்டலும் சில மாதம் தடுமாறும். இது தோல்வி அல்ல, பருவம்.

முட்டி வலி ஏன்? தொடைத் தசையின் நார் முழங்காலுக்குக் கீழே, கால் எலும்பின் முன்மேட்டில் ஒட்டியிருக்கிறது. இந்த வயதில் அந்த இடம் இன்னும் முழுதாக இறுகியிருக்காது. ஓடும்போதும் குதிக்கும்போதும் இழுபட்டு வலிக்கும், புடைக்கும். 1903-ல் ஆஸ்குட், ஷ்லாட்டர் என்ற இரு மருத்துவர்கள் இதைத் தனித்தனியே விவரித்தார்கள். இன்றும் அவர்கள் பெயரால்தான் இதை அழைக்கிறோம். வளர்ச்சி முடிந்தால் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். வலியோடு விரட்டினால் நீடிக்கும். பையனுக்கு விளையாட்டே வெறுத்துப் போகும்.

"தைலம் கொடுங்க டாக்டர்" என்பீர்கள். கொடுக்கிறேன், இதமாக இருக்கும். ஆனால் வலிக்கும் மேட்டை அழுத்தித் தேய்க்காதீர்கள். அந்தக் கால் கேட்பது ஓய்வு.

வீட்டில் செய்ய வேண்டியவை:

* மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரில் பென்சிலால் உயரம் குறியுங்கள். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் கூடியிருந்தால் பயிற்சியாளரிடம் சொல்லி ஓட்டம், குதித்தலைக் குறைக்கச் சொல்லுங்கள்.
* வாரப் பயிற்சி நேரம் வயதைத் தாண்ட வேண்டாம். 13 வயது என்றால் 13 மணி நேரமே உச்சம். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு.
* எட்டு மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம்.
* கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, பயறு, பால், முட்டை. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது!

இரவில் தூக்கம் கலைக்கும் வலி, காய்ச்சல், முட்டி முழுதும் வீக்கம், நொண்டல் இருந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம். உடனே எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

பெண் குழந்தைகளின் அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. "வயசுக்கு வந்துட்டா, ஆட்டம் போதும்" என்று நிறுத்திவிடாதீர்கள். மாதவிலக்கு நாட்களிலும் முடிந்தால் தாராளமாக விளையாடலாம். சீக்கிரம் களைத்தால் ரத்தசோகை உண்டா என்று பாருங்கள். 15 வயதாகியும் பூப்படையாவிட்டாலோ, வந்த மாதவிலக்கு மூன்று மாதம் நின்றுவிட்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். கடும் பயிற்சிக்கு ஏற்ற சாப்பாடு இல்லாவிட்டாலும் இப்படி ஆகும்.

இதற்கு நம் புதுச்சேரியிலேயே ஒரு பாடம் இருக்கிறது. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமப் பள்ளி 1943 டிசம்பர் 2-ல் தொடங்கியது. 1945-ல் அங்கே உடற்கல்வி வந்தது. பெண் பிள்ளைகளை வெளியே விடவே தயங்கிய அந்தக் காலத்தில், ஆணும் பெண்ணும் ஒரே பயிற்சி செய்தார்கள். ஓட்டம், நீச்சல், ஜிம்னாஸ்டிக்ஸ், பந்து விளையாட்டு என்று எல்லாவற்றையும் பழக்கினார்கள். வளரும் வயதுக்கு இதுதான் நல்லது. ஒரே தசைநார் தினமும் இழுபடாது. எது தனக்குப் பிடிக்கிறது என்றும் பிள்ளைக்குத் தெரியும்.

அந்தப் பையனுக்கும் அதைத்தான் சொன்னேன். ஆறு வாரம் ஓட்டம் வேண்டாம், நீச்சல் போதும், தொடைத் தசையை மெல்ல நீட்டும் பயிற்சி தினமும் செய். அப்பாவுக்கும் ஒரு மருந்து சொன்னேன்: "அந்த 'சோம்பேறி'ங்கற வார்த்தையை விட்டுடுங்க சார்."

மூன்று மாதம் கழித்து அப்பாவும் மகனும் சேர்ந்து வந்தார்கள். வலி நன்றாகக் குறைந்திருந்தது. பையன் நிமிர்ந்து உட்கார்ந்து என்னிடம் பேசினான்.