ஆவிக்குழாயும் பிரமாண விதியும்

கொங்கு நாட்டில் நூலாலைக்கும் சாயப்பட்டறைக்கும் இடையே வளர்ந்த மாணவருள் பாய்லர் என்னும் சொல்லைக் கேளாதார் இரார். கோயமுத்தூரில் 1888-ஆம் வருஷம் ஸ்டேன்ஸ் துரையின் முயற்சியால் எழுந்த நூற்பு நெசவு ஆலை ஆவியின் வலியால் இயங்கியது. 1932-இல் பைக்காரா மின்சாரம் மலையினின்றும் இறங்கி வந்தபின், நம் ஆலைகளில் ஆவி எஞ்சின்கள் படிப்படியாய் ஓய்ந்தன. ஆயினும் ஆவி ஓய்ந்திலது. பாவுக்குக் கஞ்சியிடவும், துணியை வேகவைக்கவும், சாயம் ஏற்றவும் அது வேண்டியதாயிற்று. நொய்யலைக் கெடுத்த திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. கழிவுநீரைச் சுண்டக் காய்ச்சி உப்பைப் பிரிக்கும் நிலையங்களிலும் இன்று உழைப்பது ஆவியே. பாய்லருக்கு அஞ்சுவோர் பலர். அதினின்று புறப்பட்டுச் சுவரோரமாய் ஓடும் குழாயை எண்ணுவோர் சிலர். அக்குழாயை வகுக்கும் விதிகளைப் பற்றியே யாம் ஈண்டுச் சில கூறப் புகுந்தோம்.

இவ்விதிகள் ஏட்டறிஞர் தம் அறையிலிருந்து கற்பித்தவை அல்ல. 1863-இல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பலர் மாண்டனர். மறு வருஷமே வங்காளச் சட்டசபை பாய்லர்களைச் சோதிக்கும் சட்டம் ஒன்றை இயற்றிற்று. நம் தேசத்துப் பாய்லர்ச் சட்டங்களுக்கெல்லாம் அதுவே தொடக்கம். அமெரிக்காவில் பிராக்டன் நகரத்துச் செருப்பு ஆலையில் 1905-இல் நேர்ந்த வெடிப்பு 58 உயிர்களைக் கொண்டது. அதன் பின்னரே அந்நாட்டு இயந்திர எஞ்சினீயர் சங்கத்தார் தம் பாய்லர் விதிநூலை வகுத்தனர். அழுத்தக் குழாய்களுக்கென்று தனி விதிநூல் 1935-இல் வெளிவந்தது. இந்நாளில் மின்நிலையக் குழாய்களுக்கு பி 31.1 என்றும், இரசாயன ஆலைக் குழாய்களுக்கு பி 31.3 என்றும் வழங்குவன அதன் கிளைகளே. இந்தியாவில் 1923-ஆம் வருஷத்துப் பாய்லர்ச் சட்டமும், அதன் கீழ் 1950-இல் எழுந்த ஒழுங்குமுறைகளும் நெடுங்காலம் ஆண்டன. 2025-இல் பாராளுமன்றம் இயற்றிய புதிய சட்டம் அப்பழஞ்சட்டத்தின் இடத்தைப் பெற்றது.

ஒரு குழாயை வரையப் புகுவோன் முதலில் வினவ வேண்டியது, இக்குழாய் எவ்விதிக்கு உட்பட்டது என்பதே. சாயப்பட்டறை ஒன்றில் ஆவிக்குழாய், காற்றுக்குழாய், சூடெண்ணெய்க்குழாய், சாயநீர்க்குழாய் எனப் பல அருகருகே ஓடும். பார்வைக்கு எல்லாம் ஒன்றே. ஆனால் 1923-ஆம் வருஷத்துச் சட்டம், திருத்தங்களோடு, ஆவிக்குழாய்க்கு ஓர் இலக்கணம் வகுத்தது. சதுர செண்டிமீட்டருக்கு 3.5 கிலோவுக்கு மேற்பட்ட அழுத்தத்தில் ஆவி செல்வது எதுவோ அது ஆவிக்குழாய். உள்விட்டம் 254 மில்லிமீட்டருக்கு மேற்பட்டதாயின் 1 கிலோவைக் கடந்தாலே போதும். அவ்வெல்லைக்குள் வந்த குழாய்க்குச் சர்க்கார் விதி கட்டாயம். உடையவனும் எஞ்சினீயரும் கூடி வேறொன்றைத் தேர்ந்துகொள்ள இயலாது. ஏனைய குழாய்களுக்கு எந்த விதிநூல் என்பது பெரும்பாலும் ஒப்பந்தத்தில் எழுதப்படுவது. கடைத்தெருவில் மலிவாய்க் கிடைக்கும் தண்ணீர்க்குழாயை ஆவிக்கு இழுத்துவிடும் வழக்கம் இவ்வேறுபாட்டை அறியாமையால் வருவது. சான்றிதழோடு வரும் குழாய்க்கு விலை ஏன் மிகுதி என்று முணுமுணுப்போர், அவ்விலை இரும்புக்கு மட்டுமன்று, அவ்விரும்பு சோதிக்கப்பெற்றது என்னும் உறுதிக்கும் சேர்ந்ததென்று உணர்வாராக.

இனிக் கனத்தைக் காண்போம். நம் ஒழுங்குமுறையின் சூத்திரம் எளியது. அழுத்தத்தை வெளிவிட்டத்தால் பெருக்கி, இரும்பு தாங்கத்தக்க இழுவிசையின் இருமடங்கோடு அழுத்தத்தைக் கூட்டி வந்த தொகையால் வகுத்து, 0.75 மில்லிமீட்டர் சேர்ப்பது. பற்றுவைத்த மூட்டுள்ள குழாயாயின் அதற்கொரு குறைப்பும் உண்டு. 168 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள ஆறங்குலக் குழாயில் 10 கிலோ அழுத்தம் எனக் கொள்வோம். இரும்பின் தாங்குதிறனை மிகக் குறைத்து 1000 கிலோ என்றே வைப்பினும், 1680-ஐ 2010-ஆல் வகுக்கக் கிடைப்பது 0.84; கூட்டளவோடு ஏறத்தாழ 1.6 மில்லிமீட்டர். ஷெடியூல் 40 என விற்கும் ஆறங்குலக் குழாயின் கனமோ 7.1 மில்லிமீட்டர்! வேண்டியதற்கு நான்கு மடங்குக்கு மேல். இக்கணக்கைப் போட்ட மாணவன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, நம் குழாய்க்கு ஒரு குறையுமில்லை என்று மகிழ்தல் இயல்பு. விதிநூலைப் படிப்போருள் பலர் நின்றுவிடும் இடம் இதுவே.

அதே குழாய் 30 மீட்டர் நீளம் ஓடுவதாகக் கொள்க. காலையில் 30 பாகை வெப்பத்தில் கிடந்த அது, 10 கிலோ ஆவி புகுந்தவுடன் 183 பாகையை எட்டும். இரும்பு ஒரு மீட்டருக்கு ஒரு பாகைக்கு ஏறத்தாழ 0.012 மில்லிமீட்டர் நீளுமாதலின், குழாய் முழுதும் 55 மில்லிமீட்டர், அதாவது இரண்டங்குலத்துக்கு மேல், நீள விரும்பும். இருமுனையும் சுவரில் இறுகக் கட்டப்பட்டு, வளையவும் இடமின்றி இருப்பின், அந்நீட்சி அடக்கப்பட்டுச் சதுர செண்டிமீட்டருக்கு 3600 கிலோ அளவில் உள்விசை எழும். சாதாரணக் குழாய் இரும்பு 2400 கிலோவிலேயே இளகிவிடும். கனத்தைக் கூட்டினால் தீருமோ எனின், தீராது. கனத்த குழாய் இன்னும் வன்மையாய்ச் சுவரை உந்தும், அவ்வளவே. லாட வடிவாய் வளைத்த ஒரு லூப், நழுவ இடந்தரும் தாங்கிகள், நகராது பிடிக்கும் நங்கூரம் ஓரிரண்டு: மருந்து இவைதாம். விதிநூலில் இவற்றுக்குரிய பகுதிகள் கனத்தின் சூத்திரத்துக்குப் பின்னே பல ஏடுகள் தள்ளி இருக்கின்றன.

அவ்வேடுகளைப் புரட்டாமையால் விளைந்ததற்கு இங்கிலாந்தின் பிளிக்ஸ்பரோ சாட்சி. நைலான் இழைக்கு மூலமான காப்ரோலாக்டம் செய்யும் ஆலை அது. படிப்படியாய்த் தாழ்ந்து நின்ற ஆறு கொப்பரைகளுள் ஐந்தாவதில் 1974 மார்ச்சில் பிளவு கண்டனர். அதை அகற்றி, நான்காவதையும் ஆறாவதையும் இணைக்க ஒரு மாற்றுக்குழாய் அமைத்தனர். வாய்கள் 28 அங்குலம். கையில் கிடைத்த குழாயோ 20 அங்குலம். இருபுறத்து மட்டமும் வேறானதால் குழாய் இருமுறை மடிந்தது, இருமுனையிலும் சுருங்கி விரியும் பெல்லோஸ், கீழே சாரக்கம்புகள். வரைபடம் யாது எனின், பட்டறைத் தரையில் சுண்ணக்கட்டியால் இட்ட கோடே! கணக்கும் போட்டனர்: நேர்குழாயாயின் அழுத்தத்தைத் தாங்கும் எனக் கண்டனர். அஃதாவது, நாம் மேலே போட்ட முதற்கணக்கு. ஆனால் பெல்லோஸ் அழுத்தத்தால் நெட்டித் தள்ளும் இயல்பினது. 28 அங்குல வாயில் 8.8 கிலோ அழுத்தம் எழுப்பும் உந்தல் முப்பது டன்னுக்கு மேற்பட்டது. மடிந்த குழாயில் இருபுற உந்தலும் ஒரே நேர்கோட்டில் எதிர்நில்லாமல் அதை முறுக்கும். இதைப் பற்றி எச்சரித்த பிரிட்டிஷ் பிரமாணத்தையும், பெல்லோஸ் செய்தவர் கைந்நூலையும் யாரும் பார்க்கவில்லை. 1974 ஜூன் 1-ஆம் நாள், சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சற்றுமுன், குழாய் பிய்ந்தது; வெளிப்பட்ட ஆவிமேகம் தீப்பற்றி வெடித்தது; 28 பேர் மாண்டனர். வேலைநாளாயிருந்தால் மாண்டோர் தொகை பன்மடங்காகியிருக்கும்.

சுண்ணக்கட்டிக் கோடு நம் பட்டறைகளுக்கும் புதிதன்று. நம் பக்கத்து மேஸ்திரிமார் கைத்திறனை யாம் குறைத்துப் பேசோம். வளைவையும் மட்டத்தையும் கண்ணாலேயே அளக்கும் வல்லுநர் அவருள் உளர். ஆயினும் உந்தல் கண்ணுக்குத் தெரியும் பொருளன்று. சாயயந்திரம் ஒன்று கூடுதலாய் வந்துவிட்டதென்று ஞாயிற்றுக்கிழமையில் பழைய குழாயை அறுத்து ஒரு கிளை பற்றவைக்கும்போது, அக்கிளை தடுக்கும் நீட்சி எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதிப் பார்க்க அரைமணி நேரம் போதும்.

மற்றொரு பகை நீர். ஆவி குளிர்ந்து நீராகிக் குழாயின் அடியில் தங்கும். நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் ஓடும் ஆவி அந்நீரை அலையாய்த் திரட்டி வளைவில் மோதும். அவ்வடியில் வால்வின் உடலே பிளப்பதுண்டு. நியூயார்க்கில் 1924-இல் புதைத்த ஆவிக்குழாய் 2007 ஜூலை 18-இல் தெருவைப் பிளந்து வெடித்ததற்கு, நீரை வடிக்கும் ஸ்டீம் டிராப் அடைபட்டதே ஒரு காரணம். ஆகவே குழாயை ஆவி செல்லும் திசையில் நூற்றுக்கு ஒன்றாய்ச் சரித்து, 30 முதல் 50 மீட்டருக்கு ஒன்றாகவும், ஏற்றத்தின் அடியிலும் வடிகுழி வைத்தல் வேண்டும். பொங்கல் விடுமுறை கழிந்து ஆலை திறக்கும் காலையில் குழாய் முழுதும் குளிர்ந்து நீர் தேங்கிக் கிடக்கும். அன்று பெரிய வால்வைத் தொடுமுன் வடிகுழாய்களையெல்லாம் திறந்துவிட்டு, பக்கத்துச் சிறு வால்வினால் ஆவியைச் சிறிது சிறிதாய் விட்டு, கடைசி வடிகுழாயில் நீர் நின்று உலர்ந்த ஆவி வரும்வரை காத்திருத்தல் வேண்டும்.