வெட்டிய கட்டி எங்கே போனது?

மார்பில் கட்டி என்று எனக்கு ஆபரேஷன் நடந்தபோது வயது 24. கல்யாணம் முடிந்த புதிது. பெரிய மாமனார் கைகாட்டிய நர்சிங் ஹோம். ஸ்கேனில் ஃபைப்ரோஅடினோமா என்று போட்டிருந்தது. விரல் வைத்தால் புளியங்கொட்டை மாதிரி நழுவும். ஊசிப் பரிசோதனையெல்லாம் கிடையாது. "சாதாரணக் கட்டிதான்மா, எடுத்துப் போட்டுடலாம்" என்றார் டாக்டர். எடுத்தும் போட்டார். எங்கே போட்டார் என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை.

முப்பதைத் தாண்டியதும், பழைய தழும்புக்குப் பக்கத்திலேயே இன்னொன்று. இந்த முறை யாரையும் கேட்காமல் மதுரையில் ஒரு மார்பக மருத்துவரிடம் நானே போனேன். உட்கார்ந்ததும் அவர் கேட்டது, "பழைய பயாப்ஸி ரிப்போர்ட் எங்கேம்மா?" என்னிடம் இருந்தது டிஸ்சார்ஜ் சம்மரி, கட்டி அகற்றப்பட்டது என்று அதில் ஒற்றை வரி. நர்சிங் ஹோமுக்கு போன் போட்டால், "சின்னக் கட்டியையெல்லாம் லேபுக்கு அனுப்ப மாட்டோம் மேடம்" என்கிறார்கள்.

இதில் என்ன குடி முழுகிப்போச்சு என்பீர்கள். ஃபில்லோய்ட்ஸ் என்று ஒரு கட்டி உண்டு. ஸ்கேனில் பல சமயம் ஃபைப்ரோஅடினோமா போலவே தெரியும். ஆனால் வேகமாக வளரும். சுற்றியுள்ள சதையையும் கொஞ்சம் சேர்த்து எடுக்காவிட்டால் அதே இடத்தில் திரும்ப முளைக்கும். அதில் ஒரு பங்கு புற்றுநோய் ரகம். என்னுடைய முதல் கட்டி எந்த ரகம் என்று பார்க்க ஒரு துணுக்குகூட மிச்சமில்லை. ஆபரேஷன் பில்லுக்கு முன்னால் அந்த லேப் பரிசோதனைச் செலவு கால்தூசு பெறாது.

மதுரையில் மற்றதெல்லாம் மளமளவென்று முடிந்தது. டாக்டர் கையால் பார்த்தார். நாற்பதுக்குக் கீழே என்பதால் அல்ட்ராசவுண்ட் போதும் என்றார். ஸ்கேன் ரிப்போர்ட்டில் பைராட்ஸ் 3 என்ற தரம் வந்தது. புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை என்று அர்த்தம். வழக்கமாக ஆறு மாதம் கழித்து மறு ஸ்கேன் எடுத்தால் போதுமாம். பழைய கதை தெரியாததால் எனக்கு கோர் பயாப்ஸி. மரத்துப்போக ஊசி, பிறகு டிக்கென்று ஒரு சத்தம். நூல் நூலாக வெள்ளைச் சதை ஃபார்மலின் பாட்டிலுக்குள் போனது. பாட்டிலில் என் பெயர் ஒட்டியிருக்கிறதா என்று எழுந்து பார்த்தேன். நர்ஸ் சிரித்தார். அவருக்கென்ன தெரியும்!

ரிப்போர்ட் வந்தது. ஃபைப்ரோஅடினோமாதான். எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் பெரிய ரகளை. "வச்சுக்கிட்டே இருந்தா கேன்சர் ஆயிடும் அண்ணி" என்று நாத்தனார். அப்படி மாறுவது மிக மிக அபூர்வம். வளர்ந்துகொண்டே போனால், 3 செ.மீ. தாண்டினால், அப்போது எடுத்துக்கொள்ளலாம். கர்ப்பத்தில் கொஞ்சம் பெருக்கலாம். மாதவிடாய் நின்றபின் பெரும்பாலும் சுருங்கும். மாமியார் பத்து அரைத்துக் கொடுத்தார். "சரிங்க அத்தை" என்று வாங்கிவைத்தேன், போடவில்லை. கட்டி வளரவும் இல்லை.

ஒன்று. நாற்பதைக் கடந்து கட்டி வந்தவர்களும், அசையாத கெட்டிக் கட்டி, தோலில் குழி, காம்பில் ரத்தக் கசிவு, அக்குளில் கட்டி உள்ளவர்களும் என் கதையைச் சொல்லிக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம். உடனே கிளம்புங்கள்.

உங்கள் வீட்டிலும் ஆஸ்பத்திரி கைகாட்ட ஒரு பெரிய மாமனார் இருப்பார். போங்கள். ஆனால் அட்மிஷன் போடுவதற்கு முன்பே, "எடுக்கிற கட்டியை எந்த லேபுக்கு அனுப்புவீங்க, ரிப்போர்ட் என்றைக்கு வரும்?" என்று கேளுங்கள். முகம் சுளித்தால் அங்கே ஆபரேஷன் வேண்டாம்.